வெளிநாட்டுல டீச்சர் வேலை, எக்ஸ்ட்ரா டூட்டி, ஆனா எக்ஸ்ட்ரா சம்பளம் இல்ல: எதை முதல்ல செய்யணும், எதை செய்யவே கூடாது

ஏழு வருஷம் நான் அமீரகத்துல ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல மேத்ஸ் எடுத்தேன், இப்ப கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், அரியாங்குப்பம், லாஸ்பேட்டைன்னு இந்தப் பக்கத்துல இருந்து போன டீச்சருங்க லீவுல வந்தா வீட்டுக்கு வருவாங்க, இல்லன்னா ராத்திரி பன்னண்டு மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்புவாங்க. விஷயம் எப்பவும் ஒண்ணுதான். சேரும்போது கிளாஸ் எடுக்கணும்னு சொன்னாங்க, இப்ப பஸ் டூட்டி, கேட் டூட்டி, சனிக்கிழமை ரெமெடியல், ஆனுவல் டே, அட்மிஷனுக்கு போன் போடறதுன்னு ஏத்திக்கிட்டே போறாங்க, ஒரு காசு சேத்துத் தரல, என்னக்கா பண்றது?

பண்றதுக்கு இருக்கு. ஆனா வரிசை தப்பினா எல்லாம் வீணாப் போயிடும். முக்கால்வாசிப் பேரு முதல்ல சூப்பர்வைசர்கிட்ட சண்டை போடறாங்க, அப்புறம் ஸ்டாஃப் வாட்ஸ்அப் க்ரூப்ல புலம்பறாங்க, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கான்ட்ராக்ட் எங்கன்னு பெட்டியில தேடறாங்க. இதை அப்படியே தலைகீழா மாத்தணும். எனக்கு பழக்கம் அமீரகம்தான், அதனால விரிவா சொல்றது அந்த ஊர் கணக்கு, மத்த நாட்டு நம்பரை ரெண்டாவது பாகத்துல குடுத்திருக்கேன்.

1. ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி படிக்க வேண்டியது

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லாரும் மொத்த சம்பளத்தைப் பாத்துட்டு கையெழுத்து போட்டுடறாங்க. மொத்தத்தைப் பாக்காதீங்க, பேசிக், அதாவது அலவன்ஸ் எதுவும் சேக்காத அடிப்படை சம்பளம், எவ்வளவுன்னு பாருங்க. ஓவர்டைமும் சரி, வேலை விட்டு வரும்போது வர்ற கிராஜுவிட்டியும் சரி, பேசிக்க வெச்சுத்தான் கணக்கு. 4000 திர்ஹம்ல பேசிக் 2400, மிச்சம் ஹவுசிங், டிரான்ஸ்போர்ட்னு பிரிச்சிருந்தா உங்க ஒரு மணி நேரத்தோட விலை அப்பவே குறைஞ்சு போச்சு. இதை மாத்தச் சொல்லி கேக்கணும்னா கையெழுத்துக்கு முன்னாடிதான் கேக்க முடியும்.

அடுத்து வாரத்துக்கு எத்தனை பீரியட்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் இருக்காது. ஒரு மெயில் போட்டு கேளுங்க, "வாரத்துக்கு எத்தனை பீரியட், ஸ்கூல் டைமிங் என்ன, சனிக்கிழமை வேலை உண்டா"ன்னு மூணே கேள்வி. அவங்க மெயில்ல பதில் போட்டா அது பின்னாடி உங்களுக்கு சாட்சி. போன்ல சொன்னாங்கன்னா, "நீங்க போன்ல சொன்னபடி 26 பீரியட், காலை 7 முதல் 2.30"ன்னு நீங்களே ஒரு மெயில் தட்டி விட்ருங்க.

"மேனேஜ்மென்ட் அவ்வப்போது தரும் மற்ற பணிகளையும் செய்ய வேண்டும்"னு ஒரு வரி கிட்டத்தட்ட எல்லா கான்ட்ராக்ட்லயும் இருக்கும். அதைப் பாத்து பயந்துக்க வேணாம், ஆனா அது இருக்கறதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, ஏன்னா உங்க வாதம் எந்த வழியில போகணும்னு முடிவு பண்றது அந்த வரிதான். "பஸ் டூட்டி என் வேலை இல்ல"ன்னு நீங்க சொன்னா அவங்க அந்த வரியைக் காட்டுவாங்க, பேச்சு அங்கயே முடிஞ்சுடும். "பஸ் டூட்டி பாத்தேன், அதனால என் வேலை நேரம் ஒன்பது மணி நேரம் ஆச்சு"ன்னு சொன்னா அந்த வரி அவங்களுக்கு உதவாது, ஏன்னா வேலையோட வகையை அது விரிக்குது, நேரத்தை விரிக்கல. நான் இந்த கைடு எழுதறதே இந்த ஒரு விஷயத்தை சொல்றதுக்காகத்தான். வகையை வெச்சு வாதாடாதீங்க, மணியை வெச்சு வாதாடுங்க.

அமீரகத்துல மோஹ்ரேன்னு சொல்ற லேபர் மினிஸ்ட்ரியோட ஆஃபர் லெட்டர் அரபி, இங்கிலீஷோட மூணாவதா உங்க மொழியிலயும் வரும், தமிழும் அதுல உண்டு. கேட்டு வாங்குங்க. அதுல இருக்கறதும் ஸ்கூல் தனியா நீட்டற பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணான்னு வரி வரியா ஒத்துப் பாருங்க.

2. உங்க நாட்டுல ஓவர்டைம் எந்த நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க

டீச்சருங்க பீரியடை எண்ணுவாங்க, சட்டம் மணி நேரத்தை எண்ணும். எல்லாரும் தடுக்கி விழற இடம் இது. காலை 7 மணிக்கு வந்து 2.30-க்கு போறவங்களுக்கு மூணு சப்ஸ்டிட்யூஷன் பீரியட் (வராத டீச்சருக்கு பதிலா எடுக்கற கிளாஸ்) போட்டாலும் அது எல்லாம் அந்த ஏழரை மணி நேரத்துக்குள்ளதான் இருக்கு, ஓய்வு போச்சு, கரெக்ஷன் வீட்டுக்கு வந்துச்சு, எல்லாம் உண்மைதான், ஆனா சட்டப்படி ஓவர்டைம் இல்ல. அதுக்கு வேற வழி இருக்கு, ஆறாவதுல சொல்றேன்.

அமீரகத்துல தனியார் வேலைக்கான சட்டம் 2021-ல வந்த 33-ம் நம்பர் சட்டம், 2022 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல போனா அந்த நேரத்துக்கான பேசிக்கோட குறைஞ்சது 25 சதவீதம் சேத்துத் தரணும், ராத்திரி 10-லருந்து விடியக்காலை 4 வரைக்கும்னா 50 சதவீதம். வார லீவு நாள்ல கூப்பிட்டா மாத்து லீவு தரணும், இல்லன்னா பேசிக்கோட 50 சதவீதம் கூட. ரம்ஜான் மாசத்துல எல்லாருக்கும் தினம் 2 மணி நேரம் குறையும், அந்த மாசம் கணக்கும் மாறும்.

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, நடுவுல ஒரு மணி நேரத்துக்குக் குறையாம பிரேக் தரணும், அந்த பிரேக் வேலை நேரத்துல சேராது. அதனால ஸ்கூல் என்ன சொல்லும்னா பிரேக்கைக் கழிச்சுட்டா எட்டு மணி தாண்டலன்னு சொல்லும். ஆனா அந்த பிரேக்ல நீங்க காரிடார்ல நின்னு பசங்களைப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா அது எப்படி பிரேக் ஆகும்? பிரேக் டூட்டி ரோஸ்டர்ல உங்க பேரு இருந்தா அந்த ரோஸ்டரை பத்திரமா வைங்க, கணக்கையே திருப்பிப் போடற பேப்பர் அது.

மத்த ஊருங்க: ஓமான்ல 2023 சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரம்தான், பகல்ல 25, ராத்திரியில 50 சதவீதம். கத்தார், குவைத் ரெண்டும் 48 மணி நேரம், சாதாரண நாள்ல 25 சதவீதம், ரெண்டு ஊர்லயும் ரம்ஜான்ல வாரம் 36 மணி. சவுதியில 48, மணிக்கான சம்பளத்தோட பேசிக்ல பாதி சேரும், கான்ட்ராக்ட் கிவாங்கற (Qiwa) அந்த ஊர் அரசாங்க ஆன்லைன் தளத்துல பதிவாகியிருக்கான்னு பாத்துக்கங்க. மாலத்தீவுல 2008 வேலைவாய்ப்புச் சட்டப்படி 48, ஓவர்டைமுக்கு ஒண்ணேகால் மடங்கு, வெள்ளிக்கிழமையோ பொது விடுமுறையோ ஆனா ஒன்றரை. ஆனா அரசாங்க ஸ்கூல்ல சேந்திருந்தா தனியார் சட்டத்தை வெச்சு கணக்கு போடாதீங்க, அவங்க சர்வீஸ் விதி வேற.

3. எழுதி வைங்க, முதல் நாள்லருந்தே

நான் முதல் ரெண்டு வருஷம் எழுதல. அந்த ரெண்டு வருஷத்துக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. மூணாவது வருஷம் ஒரு நாள், ஜூன் மாசம், பஸ் ஷெட்ல நிக்கிறேன், 14-ம் நம்பர் பஸ் வரல, ஒரு கேஜி குழந்தை என் மடியில தூங்கிடுச்சு, அதோட ஐடி கார்டு கயிறு என் விரல்ல சுத்தியிருக்கு, வேர்வையில என் துப்பட்டா முதுகோட ஒட்டிக்கிச்சு. டிரைவர் வந்து குழந்தையை வாங்கும்போது மணி 3.50. அன்னிக்குத்தான் ஒரு சின்ன டைரியில எழுத ஆரம்பிச்சேன்.

தேதி, கிழமை, உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், என்ன எக்ஸ்ட்ரா வேலை, யாரு சொன்னாங்க. அவ்வளவுதான். "செவ்வாய், 6.50 - 4.20, பஸ் டூட்டி 3.50 வரை, அப்புறம் எக்ஸிபிஷன் சார்ட், சூப்பர்வைசர் சொன்னது." ஒரு நாளைக்கு ஒரு வரி. அழுகையும் கோவமும் அதுல வேணாம், ஏன்னா நாளைக்கு அந்த பக்கத்தை வேற ஒருத்தர் படிப்பாரு, அவருக்கு வேண்டியது நேரம் மட்டும்.

அன்னன்னிக்கே எழுதுங்க. மாசக் கடைசியில உக்காந்து ஞாபகத்துலருந்து எழுதினா எல்லா நாளும் 4 மணி, 4.30-ன்னு ரவுண்டாத்தான் வரும், பாக்கறவங்களுக்கு பொய்யாத்தான் தெரியும். டைரியோட ஒத்துப்போற ரெண்டாவது சாட்சி ஒண்ணு வேணும், பஞ்சிங் மெஷின் ரிப்போர்ட், டூட்டி ரோஸ்டர், சப்ஸ்டிட்யூஷன் ஷீட், "இன்னிக்கு எல்லாரும் 5 வரைக்கும் இருங்க"ன்னு வந்த மெசேஜ், இப்படி ஏதாவது.

உங்க பேரு இருக்கற ரோஸ்டரை மட்டும் வைங்க. பசங்க பேரு, மார்க், பேரன்ட்ஸ் நம்பர் இருக்கற ஷீட்டை சொந்த மெயிலுக்கு அனுப்பினா, கேஸ் உங்க மேல திரும்பிடும்.

4. வாயால சொன்ன ஆர்டரை மெயிலா மாத்துங்க

எக்ஸ்ட்ரா வேலை எப்பவும் நடந்துக்கிட்டே சொல்லப்படும். காரிடார்ல போற போக்குல "மேம், சயின்ஸ் க்ளப் நீங்க பாத்துக்கங்க." எழுத்துல ஒண்ணும் இருக்காது.

அன்னிக்கு சாயங்காலமே மரியாதையா ஒரு மெயில். மெயில் இங்கிலீஷ்லதான் போகும், சாராம்சம் இது: "இன்னிக்கு நீங்க சொன்னபடி புதன், வியாழன் 2.30 முதல் 3.45 வரை க்ளப் பொறுப்பை எடுத்துக்கறேன். இது எந்த மாசம் வரைக்கும், இதுக்கு ஈடா பீரியட் குறையுமா, அலவன்ஸ் உண்டான்னு தெரிவிச்சா உதவியா இருக்கும்." முதல்ல சம்மதம், அப்புறம் நேரம், அப்புறம் கேள்வி. இந்த வரிசையில ஏன்னா, நீங்க வேலையை மறுத்தீங்கன்னு யாரும் சொல்ல முடியாது. பதில் வரலன்னாலும் பரவால்ல, மெயில் போன தேதி இருக்கே.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் உடனே தலையாட்டாதீங்க. ஒண்ணு, கான்ட்ராக்ட்ல இருக்கறதுக்கு சம்பந்தமே இல்லாத வேலை. மேத்ஸ் டீச்சரை ரிசப்ஷன்ல உக்கார வைக்கறதுன்னு வெச்சுக்கங்க. அமீரகத்துல அடிப்படையிலயே வேற வேலைன்னா உங்க எழுத்து சம்மதம் வேணும், ஏதாவது அவசரம்னாத்தான் தற்காலிகமா குடுக்கலாம்.

இன்னொண்ணு கோஆர்டினேட்டர் பதவி. கேக்க சந்தோஷமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா முதலாளியோட அதிகாரம் இருக்கற மேற்பார்வை பதவிக்கு அமீரகத்துல வேலை நேர வரம்பு பொருந்தாது. அலவன்ஸ் இல்லாம அந்த பேரை மட்டும் வாங்கிக்கிட்டா, "நீங்க சூப்பர்வைசர் கேட்டகரி, உங்களுக்கு ஓவர்டைம் இல்ல"ன்னு அவங்க சொல்றதுக்கு நீங்களே வழி பண்ணிக் குடுத்த மாதிரி. அதிகாரம் ஒண்ணும் இல்லாத வெறும் பேருன்னா நீங்க எதிர்வாதம் பண்ணலாம், ஆனா அதை நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம். அலவன்ஸ் எழுத்துல வந்த பிறகு வாங்கிக்கங்க.

5. ஒரு மாசம் முடிஞ்சதும் கணக்கு போடுங்க

இதை செய்யாம யார்கிட்டயும் பேசப் போகாதீங்க. பேசிக் 2400-ன்னா 30-ஆல வகுத்தா நாளைக்கு 80, 8-ஆல வகுத்தா மணிக்கு 10 திர்ஹம். 25 சதவீதம் சேத்தா 12.50.

6.50-க்கு உள்ள, 4.20-க்கு வெளிய, ஒன்பதரை மணி நேரம். டூட்டி இல்லாம கிடைச்ச பிரேக் அரை மணி, கழிச்சா ஒன்பது. அன்னிக்கு ஓவர்டைம் 1 மணி நேரம். இப்படி மாசத்துக்கு 22 மணி நேரம்னா 275 திர்ஹம். வார லீவான சனிக்கிழமை மூணு நாள், நாளைக்கு 4 மணி நேரம் கூப்பிட்டாங்க, மாத்து லீவு தரல, 12 மணி நேரம் 15 திர்ஹம் வீதம் 180. மொத்தம் 455.

இதே 4000 சம்பளத்துல பேசிக் 3600-ஆ இருந்திருந்தா அந்த 22 மணி நேரத்துக்கே 412.50 வந்திருக்கும். முதல் பாகத்துல பேசிக்க பாருங்கன்னு அவ்வளவு அழுத்தி சொன்னது இதுக்குத்தான்.

நிறைய பேருக்கு இந்த நம்பரைப் பாத்ததும் மனசு உடைஞ்சு போகுது. அரியாங்குப்பத்துலருந்து போன ஒரு பொண்ணு ஆயிரக்கணக்குல வரும்னு நெனச்சுக்கிட்டு இருந்தா, கணக்குல மாசம் 200 சொச்சம்தான் வந்துச்சு, "இதுக்காக்கா நான் இப்படி கஷ்டப்பட்டேன்"ன்னு கண் கலங்கிட்டா. அவ கஷ்டம் பெருசுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இந்த நம்பர் தெரிஞ்சாத்தான் எதைக் கேக்கணும்னு புரியும்.

6. கேக்கறது: யார்கிட்ட, எப்ப, என்னத்தை

நேரா பிரின்சிபால்கிட்டயோ ஓனர்கிட்டயோ போகாதீங்க. சூப்பர்வைசர், அப்புறம் எச்ஆர், அப்புறம் பிரின்சிபால். ஒரு படியைத் தாண்டினா அந்த ஆளு உங்களுக்கு எதிரா ஆயிடுவாரு, நாளைக்கு டைம்டேபிள் போடறதும் அவருதான்.

அடுத்த வருஷ டைம்டேபிளும் கான்ட்ராக்ட் ரினியூவலும் பேசற சமயம்தான் நல்ல சமயம், நீங்க இருக்கணும்னு அவங்களுக்கும் தேவை இருக்கற நேரம் அது. பரீட்சை வாரத்துலயும் இன்ஸ்பெக்ஷன் சமயத்துலயும் கேட்டா மிரட்டற மாதிரி எடுத்துப்பாங்க. புரொபேஷன்ல இருக்கீங்கன்னா, அமீரகத்துல அதிகபட்சம் 6 மாசம், அது முடியற வரைக்கும் எழுதி வைக்கறதோட நிறுத்திக்கறது நல்லது.

காசு மட்டும் கேக்காதீங்க. மாசம் 275 திர்ஹத்தை விட வாரத்துக்கு நாலு பீரியட் குறையறது உங்க உடம்புக்கு பெருசு. எட்டு மணி நேரத்துக்குள்ளயே சப்ஸ்டிட்யூஷனா கொட்டி நசுக்கறாங்களே, சட்டத்துல பிடி கிடைக்காத அந்த வேலைக்கும் இதுதான் வழி. பீரியட் குறைப்பு, மாத்து லீவு, மாசம் ஒரு நிலையான அலவன்ஸ், பஸ் டூட்டியை சுழற்சி முறையில எல்லாருக்கும் பிரிக்கறது, ஸ்கூல்ல படிக்கற உங்க குழந்தைக்கு ஃபீஸ் சலுகை, இதுல எது உங்களுக்கு முக்கியமோ ரெண்டைத் தேர்ந்தெடுத்துட்டுப் போங்க. நான் மூணு மாச டைரியை ஒரே பக்கத்துல டேபிளா போட்டு எடுத்துட்டுப் போனேன், காசு தரல, ஆனா அஞ்சு பீரியட் குறைச்சாங்க, கோஆர்டினேட்டர் அலவன்ஸ் அடுத்த கான்ட்ராக்ட்ல ஏறுச்சு. சத்தம் போட்டிருந்தா ரெண்டும் கிடைச்சிருக்காது.

மத்த டீச்சரோட சேந்து போலாமான்னு கேப்பாங்க. ஒரே ரோஸ்டர்ல இருக்கற ரெண்டு மூணு பேரு அவங்கவங்க கணக்கை அவங்கவங்க மெயில்ல தனித்தனியா போடலாம். எல்லாரும் சேந்து வேலையை நிறுத்தறதுங்கற பேச்சே அங்க எடுக்காதீங்க.

7. பேசியும் ஒண்ணும் நடக்கலன்னா புகார்

அமீரகத்துல மோஹ்ரே ஆப்லயோ 80084-க்கு கூப்பிட்டோ புகார் குடுக்கலாம், வக்கீல் வேணாம். 14 நாளுக்குள்ள ரெண்டு பக்கத்தையும் பேச வைப்பாங்க. 50,000 திர்ஹத்துக்கு மேல போகாத தகராறை 2024-லருந்து மினிஸ்ட்ரியே முடிவு பண்ணலாம். கோர்ட்டுக்குப் போனாலும் 1,00,000 திர்ஹம் வரைக்கும் தொழிலாளிக்கு கோர்ட் ஃபீஸ் இல்ல.

உண்மையான புகார் குடுத்ததுக்காக வேலையை விட்டு எடுத்தா அது சட்டவிரோத பணிநீக்கம், 3 மாச சம்பளம் வரைக்கும் நஷ்டஈடு உண்டு. அப்படியும் புகார் குடுத்த பிறகு அதே ஸ்கூல்ல நிம்மதியா இருக்கறது கஷ்டம்தான், அடுத்த வேலைக்கு ஒரு வழி பண்ணிட்டு குடுங்கன்னுதான் என் தம்பி தங்கச்சியா இருந்தா சொல்லுவேன்.

நம்ம எம்பசி உங்க சம்பளத்தை வாங்கித் தராது, ஆனா ஸ்கூலுக்கு எழுதும், வழி சொல்லும். அமீரகத்துல இந்தியர் உதவி மையம் 800 46342. ஊர்ல இருக்கற குடும்பம் வெளியுறவுத் துறையோட மதத் (MADAD) புகார் போர்ட்டல்ல பதிவு பண்ணலாம், பாண்டி, காரைக்கால் ஆளுங்களுக்கும் அதே போர்ட்டல்தான். கடலூர்க்காரங்க தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நலத் துறைக்கும் போன் பண்ணலாம், 1800 309 3793. பாஸ்போர்ட்டை ஸ்கூல் பிடிச்சு வெச்சிருந்தா அதையும் புகார்ல சேருங்க, அமீரகத்துல அதுக்கு அனுமதியே கிடையாது.

8. கைல இருக்கற கேஸைக் கெடுத்துக்கற வேலைகள்

பிரின்சிபால் பேசறதை போன்ல ரகசியமா ரெக்கார்ட் பண்றது. நம்ம ஊர்ல சாதாரணமா செய்யறோம், அமீரகத்துல சம்மதம் இல்லாம ரெக்கார்ட் பண்ணினா அதுவே குற்றம். ஸ்கூல் பேரைப் போட்டு ஃபேஸ்புக்ல எழுதறதும் அப்படித்தான், சைபர் சட்டத்துல மாட்டுவீங்க, நீங்க எழுதினது நிஜமாவே நடந்ததா இருந்தாலும் சரி.

கோவத்துல டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துடறது. தொடர்ந்து 7 நாளுக்கு மேல காரணம் இல்லாம போகலன்னா அவங்க உங்களை நோட்டீஸ் இல்லாம எடுக்கலாம், அதுக்கப்புறம் உங்க ஓவர்டைம் கதையை யாரும் கேக்க மாட்டாங்க. பண்ருட்டி தம்பி ஒருத்தர் இப்படி வந்துட்டாரு, டைரி, ரோஸ்டர் எல்லாம் பக்காவா இருந்துச்சு, வந்த விதத்தால எல்லாம் போச்சு. எனக்கு இன்னும் அது மனசுல உறுத்துது, முன்னாடியே என்கிட்ட பேசியிருந்தா நிறுத்தியிருப்பேன்.

பர்மிட் இல்லாம வீட்ல ட்யூஷன் எடுத்துக்கிட்டே ஸ்கூல் மேல புகார் குடுக்கறதும் ஆபத்து, முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. 2023 டிசம்பர்லருந்து அமீரகத்துல ட்யூஷனுக்கு தனி பர்மிட் இருக்கு, அதை வாங்கிக்கங்க.

9. வேலையை விட்டு வரும்போது

கான்ட்ராக்ட்ல இருக்கற நோட்டீஸ் காலத்தை முழுசா முடிங்க, 30-லருந்து 90 நாளுக்குள்ள இருக்கும். முடிஞ்ச 14 நாளுக்குள்ள பாக்கி எல்லாம் தரணும்.

கடைசி நாள்ல ஒரு செட்டில்மென்ட் பேப்பர் நீட்டுவாங்க, "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துடுச்சு, இனிமே எந்த பாக்கியும் இல்ல"ன்னு இருக்கும். ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, அம்மா ஊர்ல காத்துக்கிட்டு இருக்காங்க, கை தானா கையெழுத்து போட்டுடும். போடாதீங்க. முதல்ல பணம் பேங்க்ல ஏறியிருக்கான்னு பாருங்க, கிராஜுவிட்டி முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள் பேசிக் வீதம் சரியா வந்திருக்கான்னு நீங்களே போட்டுப் பாருங்க. ஓவர்டைம் பாக்கி இருந்தா அந்த பேப்பர்லயே கையால "ஓவர்டைம் தொகை நிலுவையில் உள்ளது"ன்னு இங்கிலீஷ்ல எழுதி, தேதி போட்டு, அதுக்குக் கீழ கையெழுத்து போடுங்க, ஒரு காப்பி வாங்கிக்கங்க. எழுத விடலன்னா கையெழுத்து போடாம மெயில்ல காரணத்தை அனுப்பிட்டு மோஹ்ரேல பதிவு பண்ணுங்க.

முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும்னு இருந்துச்சு, 2024 திருத்தத்துக்கு அப்புறம் வேலை முடிஞ்ச நாள்லருந்து 2 வருஷம் வரைக்கும் கேக்கலாம். அதனால ஊருக்கு வந்ததும் அந்த டைரியை பழைய பேப்பரோட சேத்துப் போட்டுடாதீங்க. ஸ்கூல் மெயில் ஐடியை கடைசி நாளே மூடிடுவாங்க, நீங்க அனுப்பின அந்த டூட்டி மெயில் எல்லாத்தையும் அதுக்கு முந்தின வாரமே பிரிண்ட் எடுத்து கைப்பையில வெச்சுக்கங்க, லக்கேஜ்ல போடாதீங்க.